புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் என்ன நடந்தது?

சென்ற மாதத்தில் ஏதாவது ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மூன்றாம் பாடவேளையில் உங்கள் வகுப்பில் என்ன நடந்தது? என்ன பாடம் என்று கேட்டால் பாடக்குறிப்பேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவோம். யார் வரவில்லை என்று கேட்டால் வருகைப் பதிவேடு சொல்லும். யார் என்ன கேள்வி கேட்டார்கள், யாருடைய முகம் வாடியிருந்தது, எந்த இடத்தில் வகுப்பே சிரித்தது என்று கேட்டால்தான் திணறுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை இந்த மறதி என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஒரு மாணவன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சக ஆசிரியர் ஒருவரோடு வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். முன்பணம் வாங்கியாயிற்று, இனி மழைக்காலம் தொடங்கும்போதுதான் வருவார்கள். இடைநிற்றல் பட்டியலில் அவன் பெயரை எழுதும்போது தலைமையாசிரியர் கேட்டார்: "முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா டீச்சர்? பையன்கிட்ட ஏதும் மாற்றம் இருந்துதா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருந்தான்" என்றேன்.

அன்று மாலை அவனுடைய நண்பன் ஒருவன் என்னிடம் வந்து சாதாரணமாகச் சொன்னான்: "டீச்சர், அவன்தான் உங்ககிட்ட கேட்டானே, வேற ஊர்ல போய்ப் பரீட்சை எழுத முடியுமான்னு." எப்போது கேட்டான்? அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாம். நான் என்ன சொன்னேன்? பையனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. வகுப்பில் 38 பேர். அவர்களில் ஒருவன், ஊரை விட்டுப் போவதற்கு முன் என்னிடம் வழி கேட்டிருக்கிறான்.

அந்த வாரம்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

வகுப்பறை நாள்கள் எங்கே போகின்றன?

பி.எட். படிக்கும்போது எபிங்காஸின் மறதி வளைகோட்டை நாம் எல்லோரும் தேர்வுக்காக வரைந்திருக்கிறோம். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒருமுறை கற்றதை மறுபடி கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்துக் கற்றால் 58 விழுக்காடு மிச்சமாயிற்று. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய 34. ஒரு மாதம் கழித்து 21. எண்களைவிட வளைகோட்டின் வடிவம்தான் நமக்கு வேண்டியது. பெரிய இழப்பு முதல் நாளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது. இன்று நடந்ததை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எழுதுவதற்கு அதிகம் மிஞ்சாது.

வாழ்க்கை பொருளற்ற அசைகள் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியவர் மரிகோல்டு லிண்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1972இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், நாள்தோறும் தன் வாழ்வில் நடந்தவற்றில் குறைந்தது இரண்டைச் சிறு அட்டைகளில் எழுதிவைத்தார். மாதந்தோறும் பழைய அட்டைகளில் சிலவற்றை உருவி, நினைவிருக்கிறதா என்று தன்னையே சோதித்துக்கொண்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன. எபிங்காஸின் அசைகளைப் போல இவை வேகமாக மறையவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 5, 6 விழுக்காடு என்ற அளவில்தான் மறைந்தன.

ஆனால் அவர் கண்ட இன்னொரு செய்திதான் நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. வெளியூரில் நடக்கும் ஒரு குழுக் கூட்டத்துக்கு அவர் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. முதல்முறை போனது தெளிவாக நினைவில் நின்றது. போகப்போக ஒரு பயணம் இன்னொன்றோடு கலந்து, எது எப்போது நடந்தது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. "பொதுவாக அங்கே போனால் இப்படி இருக்கும்" என்ற அறிவு மட்டும் வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் நடந்தது மறைந்தது. சில அட்டைகளை எடுத்துப் படித்தபோது, தன் கையெழுத்துதான் என்று தெரிந்தும் அது எந்த நிகழ்ச்சி என்றே அவருக்குப் புரியவில்லை.

நம் பணியும் அப்படித்தானே! ஆண்டுக்கு 210 வேலை நாள் என்று வைத்தால் 20 ஆண்டுப் பணியில் 4,200 நாள்கள். அதே மணி, அதே காலை வழிபாட்டுக் கூட்டம், அதே எட்டுப் பாடவேளை. பணியில் சேர்ந்த முதல் நாள் உடுத்திய சேலையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. அதற்கடுத்த ஆண்டுகள் பலவற்றில் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட முழுதாகச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து "வகுப்பு நடத்தினேன்" என்ற ஒற்றை நினைவாகிவிட்டது. அனுபவம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். அது பயனில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் குழந்தைகள் பொதுவாக நடந்துகொள்வதில்லை; ஒரு குறிப்பிட்ட குழந்தை ஒரு குறிப்பிட்ட நாளில் ஒன்றைச் சொல்கிறது.

நான் எழுதிய வீண் டைரி

எங்கள் வீட்டில் நாட்குறிப்பு எழுதியவர் என் அம்மா. ஆனால் அப்படி எழுதுகிறோம் என்று அவருக்கே தெரியாது. தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் "கேஸ் மாற்றியது", "பால் இல்லை", "மாமா வந்தார், மழை" என்று பென்சிலால் எழுதுவார். கிழித்த தாள்களை ஆணியில் குத்திவைப்பார். சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று பார்க்கத்தான். ஆனால் "மாமா வந்தார், மழை" என்ற மூன்று சொற்களைப் பார்த்ததும், நனைந்த வேட்டியோடு மாமா திண்ணையில் உட்கார்ந்து பேசியது முழுதும் அவருக்கு வந்துவிடும். எங்களுக்கும் சொல்லுவார்.

நான் அப்படித் தொடங்கவில்லை. முறையாக எழுதவேண்டும் என்று, உரக்கடையில் இனாமாகக் கொடுத்த பெரிய டைரியில் நாளுக்கு ஒரு பக்கம் நிரப்பினேன். "காலை 8.50க்குப் பள்ளிக்கு வந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தினேன். மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர். மாலையில் சிறப்பு வகுப்பு எடுத்தேன்." மூன்று வாரம் இப்படியே ஓடியது. பிறகு திரும்பப் படித்துப் பார்த்தால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பணிப் பதிவேட்டையே வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறேன்! எல்லா நாளும் நடப்பதை எழுதினால் எந்த நாளும் நினைவுக்கு வராது.

அதன்பிறகுதான் எழுதும் முறையை மாற்றினேன். இன்றைக்கு மட்டும் நடந்தது எது, அதை மட்டும் எழுதுவது. ஒரு குறிப்பு இப்படி இருக்கும்: "4ஆம் பாடவேளை. பருவக்காற்று. ஜன்னலோரப் பெண், 'காத்துக்கு எப்படி டீச்சர் மாசம் தெரியும்?' பதில் சொல்வதற்குள் மணி." இந்த வரியை இப்போது படித்தாலும் அந்தப் பாடவேளை முழுதும் எழுந்துவருகிறது. கரும்பலகையில் நான் வரைந்த அம்புக்குறிகளும், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தமும்கூட. அவற்றை நான் எழுதவில்லை. எழுதிய ஒன்று எழுதாத பத்தை இழுத்துக்கொண்டு வருகிறது.

எந்த விவரம் இப்படி இழுத்துவரும் என்பதையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகனார் ஆறு ஆண்டுகள் நாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்ற கணக்கில் 2,400 நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்தார். ஒவ்வொன்றிலும் என்ன, யார், எங்கே, எப்போது என நான்கு விவரங்கள். பிறகு ஒவ்வொரு விவரமாகப் பார்த்து மற்றவற்றை நினைவுகூர முயன்றார். 1986இல் வெளியான அவருடைய முடிவுப்படி, "என்ன" என்பதே மிகவும் உதவியது. "யார்", "எங்கே" ஆகியவை அதற்கடுத்து. "எப்போது" என்ற தேதி மட்டும் தனியாகக் கிடைத்தால் அநேகமாக ஒன்றுக்கும் உதவவில்லை. தேதிவாரியாக நாம் பராமரிக்கும் பதிவேடுகள் ஏன் எதையும் நினைவூட்டுவதில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

எனவே என் குறிப்பில் ஒரு செயல், ஒரு ஆள், ஒரு இடம் இருக்கும். முடிந்தால் அவர்கள் சொன்ன சொல் சொன்னபடியே இருக்கும். "குறும்பு செய்தான்" என்று எழுதமாட்டேன். "முன்னால் இருப்பவனின் காலரில் சாக்பீஸ் போட்டான்" என்று எழுதுவேன். "குறும்பு" என்பது என் தீர்ப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது தீர்ப்பு மட்டும் இருக்கும், நடந்தது இருக்காது.

கடைசி மணி அடித்தபின் பேருந்து வர எங்கள் ஊரில் இருபது நிமிடம் ஆகும். அந்த நேரம் போதும். முதலில் நோட்டைத் திறக்கமாட்டேன். கால அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் பாடவேளையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வருவேன். முதல் மணியில் எங்கே நின்றேன்? யார் எழுந்து பதில் சொன்னார்கள்? சில பாடவேளை வெறுமையாக இருக்கும். அதில் கொஞ்சம் நின்றால் ஏதோ ஒன்று வரும். பிறகுதான் எழுதுவது, நான்கு வரி அல்லது ஐந்து வரி. நாள் முழுவதும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உடனுக்குடன் குறித்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று ஒரு தோழி கேட்டார். இருக்கலாம். ஆனால் தேடி எடுக்கும் அந்த முயற்சிதான் நினைவை உறுதிப்படுத்துகிறது.

இது நம் வகுப்பறைக்கும் தெரிந்த உண்மைதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். நாட்குறிப்புக்கும் இதுவே பொருந்தும் என்று எண்ணி, சனிக்கிழமைகளில் அந்த வாரக் குறிப்புகளின் முதல் வரியை மட்டும் பார்த்து, மற்றதைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப்பார்க்கிறேன். எழுதி மூடிவைத்துவிட்டால், நினைவில் வைக்கும் வேலையை நோட்டிடம் ஒப்படைத்ததாகத்தான் ஆகும்.

இன்னொரு பதிவேடா என்று பதறவேண்டாம். இதை யாரும் ஆய்வுக்குக் கேட்கமாட்டார்கள், கையொப்பமும் இடமாட்டார்கள். அதனால்தான் இதில் உண்மையை எழுத முடிகிறது. இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் விட்டதுதான். நான் ஒருமுறை பொதுத்தேர்வுப் பணியில் இரண்டு மாதம் எழுதவில்லை. அந்தப் பக்கங்களை நிரப்ப முயலாமல், வந்த நாளிலிருந்து தொடர்ந்தேன்.

பெயரே வராத பதினோரு பேர்

எழுதத் தொடங்கிய அடுத்த கல்வியாண்டில், ஆகஸ்ட் இறுதியில், ஒரு விளையாட்டைப் போல வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்துவைத்து, யார் யார் என் குறிப்பில் எத்தனை முறை வந்திருக்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு பையன் 23 முறை வந்திருந்தான். வாயாடி. நன்றாகப் படிக்கும் இரண்டு பெண்கள் பத்துமுறைக்கு மேல். பதினோரு பேர் ஒருமுறைகூட வரவில்லை.

அந்தப் பதினோரு பேரும் தொந்தரவு தராதவர்கள். நாள் தவறாமல் வருபவர்கள். வீட்டுப்பாடத்தை முடித்துவிடுபவர்கள் அல்லது முடிக்காததற்கு அமைதியாக எழுந்து நிற்பவர்கள். மூன்று மாதமாக நாளுக்கு ஒரு பாடவேளையாவது அவர்களோடு இருந்தும், அவர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. முந்தைய ஆண்டு ஊரைவிட்டுப் போனவனும் இந்த வகைதான். அவன் என்னிடம் கேட்ட கேள்வி ஏன் என் நினைவில் பதியவில்லை என்பதற்கு அன்று ஒரு பாதி விடை கிடைத்தது. கவனித்தது மட்டும்தான் நினைவாகும். கவனம் சத்தம் வரும் பக்கமே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

செப்டம்பர் முதல், நாளுக்கு ஒரு வரி அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். எழுத வேண்டுமே என்பதற்காகப் பார்க்கத் தொடங்கினேன். அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிய வரிகள்: "பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து எழுதினாள்." ஐந்து நாள் கழித்து, "தலைவலி என்று மதியம் படுத்திருந்தாள்." அடுத்த வாரம், "வரைபடத்தில் காவிரியைக் காட்டச் சொன்னேன். அட்டை அருகே போனபின் சரியாகக் காட்டினாள்." சனிக்கிழமை வாசிப்பில் மூன்றும் ஒன்றையொன்று தொட்டன. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம்; கண்ணாடி வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அன்றைக்குப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. முதல் வரியை எழுதும்போது, காப்பியடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குழந்தைகளைப் பற்றிய குறிப்பு என்பதால் நான் பெயரை எழுதுவதில்லை. இருக்கையோ ஓர் எழுத்தோ போதும். நோட்டு வீட்டு பீரோவில் இருக்கும். ஆசிரியர் அறை மேசையில் கிடக்கவேண்டிய பொருள் அன்று.

நினைவு சொல்லும் பொய்

மறப்பதைவிடத் தப்பாக நினைவில் வைத்திருப்பது இன்னும் ஆபத்தானது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது. மறுநாள் காலையே உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். நான்கில் ஒரு பங்கினர் எல்லாவற்றையும் தவறாகச் சொன்னார்கள், அதுவும் மிகுந்த உறுதியோடு. அவர்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

எனக்கும் நடந்தது. ஒரு தாயிடம், "அக்டோபர் மாசமே உங்ககிட்ட சொன்னேன்மா, பையன் கணக்குல பின்தங்குறான்னு" என்றேன். அவர், "இல்லீங்க டீச்சர், எங்கிட்ட யாரும் சொல்லல" என்றார். அவர்தான் மறந்துவிட்டார் என்று நூறு விழுக்காடு நம்பினேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால், அக்டோபரில் "அம்மாவிடம் சொல்லவேண்டும்" என்று இருந்தது. சொல்லவேண்டும் என்று நினைத்ததைச் சொல்லிவிட்டதாக என் நினைவு மாற்றி வைத்திருக்கிறது. மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, "பரவால்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே சொன்ன வாகனார் இன்னொன்றும் செய்தார். முற்றிலும் மறந்துபோனவை என்று ஒதுக்கியவற்றில் பத்து நிகழ்ச்சிகளைத் தேர்ந்து, அப்போது கூட இருந்தவர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் சில விவரங்களைச் சொன்னதும் பத்துமே அவருக்கு நினைவு வந்தன. இதைப் படித்தபிறகு, ஊருக்குப் போனவனின் நண்பர்களிடம் நானும் மறுபடி கேட்டேன். ஒருவன் சொன்னான்: "நீங்க அன்னிக்கு உலக மேப்ப மாட்டிக்கிட்டு இருந்தீங்க டீச்சர். ஆணி விழுந்துடுச்சு." சட்டென்று எனக்கு அந்த ஆணி நினைவுக்கு வந்தது. கீழே தேடினேன். பக்கத்தில் ஒரு பையன் நின்றான். "அப்புறம் வா" என்றேன்.

இது உண்மையான நினைவா, அல்லது அந்தப் பையன் சொன்ன ஆணியைக் கொண்டு நான் கட்டிக்கொண்டதா? தெரியவில்லை. அந்த நாளுக்கு என்னிடம் குறிப்பு இல்லை.

மாணவர்களுக்கு

பிறகு வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தேன். சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால் எனக்கு ஒரு வாசல் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பை அறிமுகப்படுத்தினேன். போரும் ஆளுநர்களும் மட்டுமின்றி, கப்பல் வந்ததும் ஊர்ப்பேச்சும் சகுனமும் அதில் இருக்கின்றன. அன்றைக்கு அற்பமாகத் தெரிந்தவைதான் இன்று வரலாற்றாசிரியர்களுக்கு மிகவும் வேண்டியிருக்கின்றன. "அப்போ நாங்க எழுதுறதும் வரலாறா?" என்று ஒருவன் கேட்டான். எழுதிப் பார் என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பத்து நிமிடம். வாரத்தில் நடந்த, வேறு எந்த வாரத்திலும் நடக்காத ஒன்று. முதல் வாரம் எல்லோரும் "காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்" என்று எழுதினார்கள். நான் மூன்று வாரம் செய்த தவறைத்தான் அவர்களும் செய்தார்கள் என்பதால் திட்டவில்லை. நான் சிவப்பு மை தொடுவதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்திய அடுத்த நிமிடமே அது கட்டுரை நோட்டாகிவிடும். ஆசிரியர் படிக்கவேண்டாம் என்று நினைக்கும் பக்கத்தை மடித்துவைக்கலாம். அதை நான் பிரிப்பதில்லை. மடிக்காத பக்கத்தில் ஒரு குழந்தை தனக்கு நேரும் கொடுமையை எழுதியிருந்தால் அது என்னிடம் உதவி கேட்கிறது என்றே பொருள். அதை இரகசியம் என்று வைத்துக்கொள்ளக்கூடாது. தலைமையாசிரியரிடமும், தேவையானால் 1098 எண்ணுக்கும் சொல்லவேண்டும். இதைத் தொடங்கும் நாளிலேயே மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்க வகுப்புகளில் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யலாம் என்கிறார் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர். மூன்றாம் வகுப்பில் காலையில் ஒரு குழந்தை எழுந்து "நேத்து" என்று தொடங்கி ஒன்றைச் சொல்லும். அதைக் கரும்பலகையில் எழுதுவார். மற்றவர்கள் படம் வரைவார்கள். இறந்தகால வினைகள் தானாக வந்துவிடுகின்றன என்பது அவருக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

ஆண்டு இறுதியில் பழைய பக்கங்களைப் படிக்கச் சொன்னால் வகுப்பில் பெரிய ஆரவாரம். எழுதும்போது "இதுல என்ன டீச்சர் இருக்கு?" என்று சலித்துக்கொண்டவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். அண்மையில் பேசிய பேச்சு, கேட்ட பாட்டு என்று சாதாரண விவரங்களைக் கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கி, மூன்று மாதம் கழித்துக் காட்டினார்கள். இவ்வளவு ஆவலோடு படிப்போம் என்று எழுதும்போது அவர்கள் நினைத்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் என் குறிப்பில் ஒரு வரி இருந்தது: "கடைசி பெஞ்ச், சுவர் ஓரம். 'ஆட்ட வித்துட்டாங்க டீச்சர்.' நான் கேட்காமலே சொன்னான்." அடுத்த வாரம், "அவனே. புது நோட்டு வாங்கவில்லை. இருக்கிறது போதும் என்கிறான்." சனிக்கிழமை இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். முன்பணம் வாங்கியிருந்தார்கள். அவனுடைய அப்பாவோடும் பாட்டியோடும் இரண்டு மணி நேரம் பேசினேன். அடுத்த வாரம் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் போய்ப் பேசினார்கள். பெற்றோர் போவதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. பையனைப் பாட்டியோடு விட்டுச்செல்லச் சம்மதித்தார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாளின் குறிப்பு இது: "சுவர் ஓரம். வந்திருக்கிறான். புதுச் சட்டை, காலர் பெரிது. பாட்டி சாப்பாடு கட்டிக் கொடுத்ததாம், சத்துணவு வேண்டாம் என்றான். ஆட்டைப் பற்றி நான் கேட்கவில்லை."